தேரடியும் நிக்கொப்பொலிசும்

மேனாட்டுத் தத்துவ நெறிகளுள் ஸ்ரொயிக்க நெறி அண்மைக் காலத்திலே மீண்டும் பெருவழக்குப் பெற்றுள்ளது. புத்தகசாலைகளிலே மார்க்கஸ் ஓரேலியஸின் நூல் மலிவுப் பதிப்பாகக் கிடைக்கின்றது. கைத்தொலைபேசியிலே நாளுக்கொரு ஸ்ரொயிக்க வாசகம் வந்து சேர்கின்றது. மனக்கலக்கம் மிகுந்த காலத்திலே மக்கள் இத்தகைய நெறியை நாடுதல் வியப்பன்று. ஆயின், வாசகத்தைப் படித்தலும் அமைதியைப் பெறுதலும் ஒன்றல்ல. இதனை முதலில் வற்புறுத்தியோர் அந்நெறியின் ஆசிரியர்களே. தத்துவம் கற்றும் சினம் அடங்காத மாணாக்கரைக் கண்டு அவர்கள் சலித்துக்கொண்டதற்கு அவர்தம் நூல்களிலேயே சான்றுகள் பலவுண்டு. மன அமைதி என்பது ஒருமுறை தேடிப் பெட்டியில் வைத்துப் பூட்டும் நகை போன்றதன்று. அன்றன்று அடுப்பேற்றிச் சமைக்கும் சோறு போன்றது.

இக்கருத்து யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதன்று. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் தேரடியிலே செல்லப்ப சுவாமிகளும், அவர்வழி வந்த யோக சுவாமிகளும் (1872–1964) காட்டிய பயிற்சி இதனோடு ஒப்பவைத்து நோக்கத்தக்கது. இரண்டும் ஒன்றே என்று சாதித்தல் பொருந்தாது, சாதிப்பதாற் பயனுமில்லை. எவ்விடத்தில் ஒன்றுகின்றன, எவ்விடத்திற் பிரிகின்றன, பிரியுமிடத்திலே நாளாந்த வாழ்வில் நிற்கும் ஒருவன் எதனைக் கைக்கொள்வான் என்பனவே ஆராயத்தக்கன.

ஸ்ரொயிக்க நெறியின் வரலாற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கி. மு. 300 அளவிலே சைப்பிரஸ் தீவினரான சீனோ என்பார் அதென்ஸ் நகரிலே ஓவியந் தீட்டப்பெற்ற தூண்மண்டபம் ஒன்றில் மாணாக்கர்க்குப் போதித்தார். மண்டபத்தைக் குறிக்கும் ‘ஸ்ரோவா’ என்னும் கிரேக்கச் சொல்லே நெறிக்குப் பெயராயிற்று. (இருந்து போதித்த இடத்தின் பெயரால் ஒரு நெறி வழங்குதல், ‘தேரடி’ என்றதும் ஒரு குருபரம்பரையை நினைக்கும் ஊரார்க்கு எளிதில் விளங்கும்.) பிற்காலத்து உரோமிலே இந்நெறியாற் சிறப்புற்றோர் மூவர். செனேக்கா, நீரோ மன்னனுக்கு ஆசானாகவும் அமைச்சராகவும் இருந்து, கி. பி. 65இல் அவன் ஆணையாலே உயிர் துறந்தவர். எப்பிக்ரீற்றஸ் அடிமையாய் வளர்ந்தவர், கால் ஊனமுற்றவர். மார்க்கஸ் ஓரேலியஸ் 161 முதல் 180 வரை உரோமப் பேரரசை ஆண்டவர். அமைச்சரும் அடிமையும் அரசரும் ஒரே பாடத்தைப் படித்தனர். அரசர் அடிமையின் பாடத்தையே படித்தார் என்றாலும் தகும். எப்பிக்ரீற்றஸின் உரைகளைத் தமக்கு அறிமுகஞ் செய்த ஆசிரியருக்கு மார்க்கஸ் தம் குறிப்பேட்டிலே நன்றி கூறியுள்ளார்.

தொமீற்றியன் சக்கரவர்த்தி தத்துவ ஆசிரியர்களை உரோமிலிருந்து துரத்திய பின்னர், எப்பிக்ரீற்றஸ் கிரேக்க நாட்டின் மேற்குப் பக்கத்திலுள்ள நிக்கொப்பொலிஸ் நகரிலே பள்ளி நடத்தினார். அவர் தாமாக ஒன்றும் எழுதி வைக்கவில்லை. மாணாக்கரான அரியன் கேட்டவற்றை எழுதினார். அவற்றின் சுருக்கமே ‘கைந்நூல்’ எனப் பொருள்படும் பெயரால் வழங்கும் சிறு நூல். மார்க்கஸோ, தன்யூப் ஆற்றங்கரைப் போர்ப் பாசறையிலும் தமக்குத் தாமே குறிப்புகள் எழுதிவந்தார். பிறர் படிப்பதற்கென எழுதப்படாத அக்குறிப்புகளை இராஜாஜி ‘ஆத்ம சிந்தனை’ என்னும் பெயரால் தமிழிலே தந்துள்ளார்.

இவ்வாசிரியர்கள் கூறிய பழக்கங்கள் மிகச் சிறியன. விடியற்காலையில், அன்று எதிர்ப்படக்கூடிய மனிதரை மார்க்கஸ் நினைவுக்குக் கொண்டுவருவார்: நன்றி மறப்பவன், செருக்கன், பொறாமை கொண்டவன், தேவையின்றித் தலையிடுபவன். அவர்களை வெறுப்பதற்காக அன்று. நன்மை தீமை அறியாமையாலே அவர்கள் அவ்வாறாயினர், அவர்களும் தம் உறவினரே என மனத்தை முன்கூட்டிப் பதப்படுத்துவதற்காக. பகற்பொழுதிற்கு எப்பிக்ரீற்றஸ் தரும் பாடம், கைந்நூலின் முதற்பாடமான பாகுபாடு. கருத்து, முயற்சி, விருப்பு, வெறுப்பு என்பன ஒருவனுடைய வசத்தன. உடல், உடைமை, பேர், பதவி என்பன அவன் வசத்தன அல்ல. யாதொன்று மனத்தைத் தாக்கினும், ‘இஃது எப்பகுதியைச் சார்ந்தது?’ என்று வினவிப் பழக வேண்டும். இரவிலே, விளக்கை அகற்றி, தம் பழக்கத்தை அறிந்த மனைவியும் பேச்சொழிந்த பின்பு, செனேக்கா அன்றைய சொல்லையும் செயலையும் ஒன்றும் ஒளியாமல் எண்ணிப் பார்ப்பார். தம்மைத் தாமே நீதிமன்றத்தில் நிறுத்துவது போன்ற அப்பழக்கத்தை அவர் செக்ஸ்ரியஸ் என்பவரிடமிருந்து பெற்றதாகக் கூறுகின்றார்.

இவற்றினும் மாணவர்க்குப் பயன் மிக்கது எப்பிக்ரீற்றஸ் கூறும் கோபக் கணக்கு. ஒவ்வொரு செயலும் தன்னையொத்த பழக்கத்தை வளர்க்கின்றது. சினந்தவன் அன்று சினந்தது மாத்திரமன்றிச் சினக்கும் இயல்புக்கு விறகும் இட்டவனாகின்றான். காய்ச்சல் தணிந்த உடலிலே அதன் எச்சம் தங்குவது போல மனத்திலும் வடு தங்கும். ஆதலால், சினவாத நாள்களை எண்ணுக என்கின்றார் அவர். முன்பு நாடோறும் சினந்தவன் ஒன்றுவிட்டொரு நாள் சினப்பான். பின்பு மூன்று நாளைக்கொருமுறை. முப்பது நாள் சினவாது கழியுமாயின் கடவுளுக்குப் பூசை செய்யலாம். முப்பது நாள் என்ற சிறு அளவே இங்கு கவனிக்கத்தக்கது. வாழ்நாள் முழுவதும் சினவேன் எனச் சபதஞ் செய்யுமாறு அவர் எவரையும் கேட்கவில்லை.

நாளை ஒழுங்குபடுத்தி அதனால் மனத்தை ஒழுங்குபடுத்துதல் நல்லூரிலும் பழைய வழக்கம். 1822இல் நல்லூரிலே பிறந்த ஆறுமுக நாவலர், தம் சைவ வினாவிடையிலே நித்திய கருமத்துக்கெனத் தனியே ஓர் இயல் வகுத்தார். விடியுமுன் எழுதல் தொடங்கி, நீராடல், திருநீறு தரித்தல், அநுட்டானம், உணவு என நாள் முழுவதும் அங்கே வினாவும் விடையுமாக நிரல்பட அமைகின்றது. அதுவும் ஒரு கைந்நூலே. கோயிலும் அவ்வொழுங்குக்குத் துணை நிற்கின்றது. நல்லூர்ப் பூசைகள் நேரந்தவறாமைக்குப் பெயர்பெற்றவை. இருபத்தைந்து நாள் மகோற்சவத்திலே தேர் புறப்படும் நேரத்தைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்யலாம் என்பர். மணியோசை கேட்டுத் தன் வேலையைச் சிறிது நிறுத்துகின்றவன், அறிந்தோ அறியாமலோ, ஒரு பயிற்சியைச் செய்தவனே.

ஆனால், அதே கோயிலின் தேரடியிலே வீற்றிருந்த செல்லப்ப சுவாமிகளை எந்த நித்திய கரும இயலுக்குள்ளும் அடக்கல் இயலாது. கந்தை உடுத்து, தமக்குத் தாமே பேசி, அணுகியோரை ஏசித் துரத்திய அவரை விசரன் என்றே ஊரவர் பலர் எண்ணினர். சோற்றைச் சமைத்து, பதமாகி உண்ணும் வேளையிலே பானையை உடைத்துவிட்டு எழுந்து போவார் என்பது அடியார் வாய்மொழியாக வழங்கிவரும் செய்தி. கேட்போர் நகைக்கலாம். ஆயின், கைந்நூலைப் படித்தவர் நகைக்கமாட்டார். அங்கே எப்பிக்ரீற்றஸும் பானையிலிருந்தே தொடங்குகின்றார். ஒருவனுக்கு விருப்பமான பானை ஒன்று இருப்பின், ‘நான் விரும்புவது ஒரு பானையை’ என்று அவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும். அப்பொழுதுதான் அஃது உடையும் நாளிலே கலங்கான். சிறியதிலே தொடங்கி மெல்ல மெல்லப் பெரியதற்குச் செல்லுமாறு அவர் பணிக்கின்றார். நிக்கொப்பொலிஸ் ஆசிரியர் பானை உடையுமென நினைக்கச் சொன்னார். தேரடிச் சுவாமிகள் உடைத்தே காட்டினார். வேற்றுமை அவ்வளவே.

தேரடியிலிருந்து வந்த உபதேசமும் சுருங்கியது. எப்பவோ முடிந்த காரியம்; நாமறியோம்; ஒரு பொல்லாப்புமில்லை; முழுதும் உண்மை. இந்நான்கு வாக்கியங்களையும் மகாவாக்கியங்கள் என அடியார் போற்றுவர். இவற்றுக்கு நீண்ட தத்துவ விளக்கம் எழுதினோர் உளர். ஆனால் இவை முதன்மையாக விளக்கத்துக்குரியன அல்ல, பழக்கத்துக்குரியன. ‘எப்பவோ முடிந்த காரியம்’ என்பதை ஒருமுறை கேட்பவனுக்கு அது புதிராகும். ஆயிரம் முறை, சிறுசிறு இடையூறுகளிலே, தனக்குத் தானே சொல்பவனுக்கு அது கைத்தடியாகும். கைந்நூல் ஏன் கையடக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கும், இவ்வாக்கியங்கள் ஏன் மும்மூன்று சொல்லைத் தாண்டவில்லை என்பதற்கும் காரணம் ஒன்றே. கலக்கம் வருங்காலத்திலே நீண்ட வாதம் நினைவுக்கு வாராது.

யோக சுவாமிகளின் வரலாறு இதனைத் தெளிவுபடுத்தும். மாவிட்டபுரத்திலே பிறந்து, இளமையிலே தாயை இழந்து, கொழும்புத்துறையிலே உறவினரால் வளர்க்கப்பட்ட சதாசிவன், கிளிநொச்சியிலே நீர்ப்பாசன வேலைத்தலத்தின் களஞ்சியத்துக்குப் பொறுப்பாயிருந்தார். 1897 ஜனவரியிலே விவேகானந்தர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலே சொற்பொழிவாற்றியபோது கேட்டோருள் அவரும் ஒருவர் என்பர். 1905 அளவிலே நல்லூர் வீதியாலே சென்றவரை, ‘யாரடா நீ?’ என்ற செல்லப்பரின் அதட்டல் நிறுத்தியது. பெரியதொரு மாற்றம் ஒரே கணத்தில் நிகழ்ந்ததாக இது சொல்லப்படுவதுண்டு. அதற்குப் பின் வந்த ஆண்டுகளைப் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். 1915இல் குரு மறையும்வரை ஏச்சும் அலைச்சலும் பட்டினியுமாகிய பயிற்சி. அதன் பின்னர் கொழும்புத்துறை இலுப்பை மரத்தடியிலே வெயிலென்றும் மழையென்றும் பாராத இருப்பு. அதட்டல் ஒரு கணம், பழக்கம் பல்லாண்டு. பின்பு அடியார் அமைத்த சிறு குடிலிலே வாழ்ந்து, காலையும் மாலையும் வந்தோரைச் சந்தித்தார். எப்பிக்ரீற்றஸைப் போல அவரும் நூல் எழுத முற்படவில்லை. அவர் பாடியவற்றையும் கூறியவற்றையும் அடியார் எழுதி ‘நற்சிந்தனை’ எனத் தொகுத்தனர்.

இனி, பிரியும் இடம். செனேக்காவின் இரவு விசாரணையிலே குற்றஞ் செய்தவனும் நீதிபதியும் ஒருவனே. அவர் தம்மைக் கடிந்து, இனிச் செய்யாதே என மன்னித்து உறங்குகின்றார். நன்று. ஆயினும், மென்மனத்தினனான மாணவன் ஒருவன் இப்பழக்கத்தை மேற்கொண்டால், நீதிபதி நாளுக்கு நாள் கொடியவனாதலும் உண்டு; உறக்கத்துக்கு முன் அமைதிக்குப் பதிலாகத் தன்வெறுப்பே மிஞ்சும். ஸ்ரொயிக்கர் அறிவின்மேல் வைத்த நம்பிக்கை பெரிது. ஒவ்வொரு தோற்றத்தையும் சரிவரத் தீர்ப்பிட அறிவினால் இயலும் என்பது அவர்தம் கொள்கை. ‘நாமறியோம்’ என்னும் தேரடி வாக்கியம் அத்தீர்ப்பிடும் உரிமையையே விட்டுவிடச் சொல்கின்றது. நடந்ததைப் பார்த்தல் வேண்டும். பார்த்த பின், அதன் முழுப்பொருள் இன்னதெனத் தான் அறிந்ததாகக் கொள்ளல் வேண்டா. செனேக்காவின் இரவுக் கணக்கை எழுதி, கடைசி வரியாக இவ்வாக்கியத்தைச் சேர்த்துக்கொள்பவன் இரண்டின் பயனையும் பெறுவான் போலும்.

பாடசாலைகளிலே ஆண்டுதோறும் காணப்படும் நிகழ்ச்சி ஒன்று இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற உரைகல். க. பொ. த. உயர்தரப் பரீட்சை எழுதிய மாணவன், பெறுபேறு வரும்வரை பல மாதங்கள் காத்திருக்கின்றான். எழுதி முடித்த விடைத்தாள் அவன் வசத்ததன்று. வெட்டுப்புள்ளி அவன் வசத்ததன்று. அது பிற மாணவர் எழுதிய விடைகளையும் அவ்வாண்டின் அனுமதித் தொகையையும் பொறுத்தது. ஆயினும் அவன் இரவிரவாக அவ்விடைத்தாளை மனத்துள் மீண்டும் மீண்டும் எழுதுகின்றான். ‘எப்பவோ முடிந்த காரியம்’ என்பது அவனைப் பொறுத்தவரை தத்துவமே அன்று; வெறும் உண்மை. விடைத்தாள் கட்டப்பட்டு, திருத்தப்பட்டு, புள்ளி இடப்பட்டுக் கிடக்கின்றது. அறியாதிருப்பவன் அவன் ஒருவனே. எனினும் பெறுபேறு வருமுன் வாரத்திலே இவ்வாக்கியத்தைத் தேடி ஓடுபவனுக்கு அது கைகொடாது. பேருந்து தவறிய நாளிலும், பேனா தொலைந்த நாளிலும், விளையாட்டுப் போட்டியிலே தோற்ற நாளிலும் சொல்லிப் பழகியவனுக்கே கைகொடுக்கும். பானையிலே தொடங்காதவன் பெறுபேற்றிலே தொடங்கல் அரிது.

இங்கே சோம்பன் ஒருவன் எழுந்து, காரியம் எப்பவோ முடிந்ததாயின் படிப்பது ஏன் என வினவலாம். வினா பழையது. ஸ்ரொயிக்கருள் ஒருவரான கிரிசிப்பஸ் காலத்திலேயே இது ‘சோம்பல் வாதம்’ எனப் பெயர் பெற்றிருந்தது. நோய் தீரும் என்பது விதியாயின் வைத்தியரை அழைப்பினும் அழையாவிடினும் தீரும்; தீராது என்பது விதியாயினும் அவ்வாறே; ஆதலால் வைத்தியர் வேண்டா என்பது அவ்வாதம். கிரிசிப்பஸின் விடை கூர்மையானது: நோய் தீர்தல் விதியாயின், வைத்தியரை அழைத்தலும் அதனோடு சேர்த்தே விதிக்கப்பட்டது, ஒன்றைப் பிரித்து மற்றொன்றைக் கொள்ளல் இயலாது. யோக சுவாமிகளின் அடியார் 1935இல் தொடங்கிய சஞ்சிகையின் பெயர் ‘சிவதொண்டன்’ என்பதும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. எல்லாம் முடிந்த காரியம் என்றவரின் பரம்பரை, தொண்டு என்னும் சொல்லையே தன் பெயராகக் கொண்டது. பயனைப் பற்றிய ஏக்கத்தை விட்டவனுக்கே வேலையிலே முழு மனம் செல்லும் என்பதை அப்பரம்பரை கண்டிருந்தது.

சோம்பனுக்கு விடை கூறல் எளிது. துயருற்றவனுக்குக் கூறல் எளிதன்று. ‘ஒரு பொல்லாப்புமில்லை’ என்னும் வாக்கியம் இம்மண்ணிலே சொல்லப்பட்டது. இம்மண்ணிலேயே 1981இல் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவிலே, மழையிலே, வீடுவாசல் விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். 2009இல் முடிந்த போரிலே பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் இன்றும் அவர்தம் படங்களைக் கையிலேந்தி நிற்கின்றனர். அத்தாயிடம் சென்று ஒரு பொல்லாப்புமில்லை என்று சொல்லத் துணிபவன் ஞானியல்லன், நெஞ்சிலே ஈரமற்றவன். ஸ்ரொயிக்க நெறிக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. பானையைக் கூறிய அதே பகுதியிலே எப்பிக்ரீற்றஸ், பிள்ளையை முத்தமிடும்போது மரணமுள்ள உயிரை முத்தமிடுவதாக நினைக்கச் சொல்கின்றார். படிப்போர் பலர் இவ்விடத்திலே நூலை மூடிவிடுவர்.

ஆயினும் அவர் கூறுவது பிள்ளையை முத்தமிடுகின்ற தந்தைக்கு. பிள்ளையை இழந்த தந்தைக்கன்று. இழந்தவரைப் பற்றி அவர் வேறோரிடத்திற் பேசுகின்றார். அழுகின்றவனைக் கண்டால் அவனுக்கு ஆறுதல் கூறத் தயங்காதே, வேண்டுமாயின் அவனோடு சேர்ந்து புலம்புக, உள்ளத்தின் நிலை மாத்திரம் தவறாதிருக்க என்பதே அங்கே அவர் கருத்து. இக்கட்டளையையே தேரடி வாக்கியங்களுக்கும் உரியதாகக் கொள்ளல் வேண்டும். அவை ஒருவன் தன்னை நோக்கிச் சொல்வதற்குரியன. பிறன் துன்பத்தின்மேல் வைத்து மூடுவதற்குரியன அல்ல. மார்க்கஸ் ஓரேலியஸுக்கும் அவர் மனைவிக்கும் பதினான்குக்குக் குறையாத பிள்ளைகள் பிறந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் அவர் கண்முன்னே இறந்தனர். அவர் குறிப்பேடு அமைதி பெற்ற ஒருவரின் வெற்றி முழக்கமன்று. ஒரே கருத்தை மீண்டும் மீண்டும், சொல்லை மாற்றி மாற்றி எழுதியிருத்தலை நோக்கின், அமைதி நாடோறும் குலைந்ததும் நாடோறும் மீண்டும் கட்டப்பட்டதும் புலனாகும்.

இவ்வாறு கட்டிப் பழகியவனுக்கு நெருக்கடியில் என்ன மிஞ்சும் என்பதற்கு அண்மைக் காலச் சான்றும் உண்டு. ஜேம்ஸ் ஸ்ரொக்டேல் என்னும் அமெரிக்கக் கடற்படை விமானி 1965 செப்டெம்பரிலே வடவியட்நாமில் வீழ்த்தப்பட்டு, 1973 வரை ஏழாண்டுக்கு மேற் சிறையிருந்தார். பல்கலைக்கழகத்திலே ஆசிரியர் ஒருவர் கொடுத்த கைந்நூலை அவர் முன்னரே பலமுறை படித்திருந்தார். சிறையிலே அடி உதையும் தனிமையும் கால் முறிவும் அவருக்கு வாய்த்தன. கையிலே நூல் இல்லை, நினைவிலே இருந்தது. தம் உடல் பகைவர் வசத்தது, தம் மதிப்பு தம் வசத்தது என்ற பாகுபாடே தம்மைத் தாங்கியதென அவர் பிற்காலத்தில் எழுதினார். அவருடைய போரின் நியாய அநியாயம் வேறு விடயம்.

எப்பிக்ரீற்றஸின் கால் ஊனத்துக்குக் காரணம் இரண்டு விதமாகச் சொல்லப்படுகின்றது. வாதநோய் என்பது ஒன்று. மற்றது, அவரை அடிமைகொண்டவன் காலை முறுக்கியபோது, ‘முறியப் போகின்றது’ என்று அமைதியாகச் சொல்லி, முறிந்த பின்னர், ‘சொன்னேன் அல்லவா’ என்றார் என்பது. இக்கதை உண்மையோ, அன்றோ, கல்நெஞ்சரே ஸ்ரொயிக்கர் என்ற தவறான எண்ணத்துக்கு இது பெரிதும் இடந்தந்துவிட்டது. கொழும்புத்துறையிலே நிகழ்ந்ததில் அத்தகைய வீரம் இல்லை. 1961இல் யோக சுவாமிகள், ஏறத்தாழத் தொண்ணூறு வயதினராய், தம் பசுவாகிய வள்ளிக்கு உணவு கொடுக்கச் சென்றவிடத்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, பல மாதங்கள் வைத்தியசாலையிலே கிடந்தார். வீடு திரும்பிய பின்பு சக்கர நாற்காலியே துணையாயிற்று. 1964 மார்ச்சிலே மறையும்வரை, காலையும் மாலையும் அன்பர்கள் அக்குடிலுக்கு வழக்கம்போல வந்துகொண்டிருந்தனர்.